போர்க்காலச் சுவரொட்டியைப் படிக்கப் பழகுவோம்

போர்க்காலச் சுவரொட்டி ஒன்று கண்ணில் பட்டால் நேரே ஓவியத்துக்குள் போய்விடுகிறோம். வரைந்தவர் கெட்டிக்காரர் என்றால் அதிலேயே மயங்கி நின்றுவிடுகிறோம். அவருக்கு வேண்டியதும் அதுதான். அதனால் நாம் வேறு பக்கத்திலிருந்து தொடங்குவோம். இணையத்தில் ஏதாவது ஒரு பழைய சுவரொட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

படி 1: ஆண்டைப் பாருங்கள்

முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. அதற்கான சட்டம் 1916 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை யாரையும் பிடித்து இழுத்துப்போக முடியாது. ஆசை காட்டலாம், கெஞ்சலாம், வெட்கப்பட வைக்கலாம். இந்த மூன்றையும் செய்தவை சுவரொட்டிகள். ஆண்டு தெரிந்தால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

படி 2: உங்களை என்ன செய்யச் சொல்கிறது?

படையில் சேரவா, போர்ச் செலவுக்கு அரசுக்குக் கடன் கொடுக்கும் போர்ப் பத்திரம் வாங்கவா, உணவை வீணாக்காமல் இருக்கவா? சில சமயம் ‘வாயை மூடு’ என்பதுதான் கோரிக்கை. 1940இல் ஃபூகாஸ் என்ற கேலிச்சித்திரக்காரர் வரைந்த ஒன்றில் இரண்டு பெண்கள் சுவாரசியமாக ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பின் இருக்கையில் ஒட்டுக்கேட்பது ஹிட்லரும் அவருடைய விமானப்படைத் தலைவர் கோரிங்கும்! மிரட்டாமல் சிரிக்க வைத்தே சொன்ன விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

படி 3: அந்தக் கண்கள் எங்கே பார்க்கின்றன?

1914இல் ஆல்ஃபிரட் லீட் வரைந்த பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபு விரலை நீட்டி உங்களையே பார்க்கிறார். இடப்பக்கம் நகர்ந்தாலும் வலப்பக்கம் நகர்ந்தாலும் விடமாட்டார். அமெரிக்க நாட்டையே ஒரு கிழவராக உருவகித்த ‘அங்கிள் சாம்’ சுவரொட்டியிலும் அதே உத்திதான். வரைந்த ஜேம்ஸ் மான்ட்கோமரி ஃபிளாக் தன் முகத்தையே மாதிரியாக வைத்து, வயதைக் கூட்டி, தாடியும் ஒட்டிவிட்டார். அச்சான பிரதிகள் 40 லட்சத்துக்கும் மேல்.

படி 4: படத்தில் இல்லாததைத் தேடுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். 1915இல் சாவில் லம்லி வரைந்த சுவரொட்டியை எடுத்துக்கொள்வோம். அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் மகள், அவள் கையில் விரித்த புத்தகம். தரையில் மகன் பொம்மைச் சிப்பாய்களை அடுக்கிக்கொண்டிருக்கிறான். மகள் கேட்கிறாள்: “அப்பா, மகாயுத்தத்துல நீங்க என்ன செஞ்சீங்க?” அந்த ‘நீங்க’ மட்டும் பெரிய எழுத்தில் இருக்கிறது. அப்பா மகளைப் பார்க்காமல், பதில் இல்லாத முகத்தோடு நம்மைப் பார்க்கிறார்.

எல்லோருக்கும் தெரிவது அந்த வெட்கம். இன்னொரு முறை பாருங்கள். படம் நடப்பது எதிர்காலத்தில். போர் முடிந்துவிட்டது. வீடு அப்படியே இருக்கிறது, பிள்ளைகள் நலமாக வளர்கிறார்கள். போருக்குப் போன மற்ற அப்பாக்களும் இப்படித்தான் மடியில் பிள்ளையை வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று சொல்லாமல் சொல்கிறது. பதுங்குகுழி இல்லை, காயம் இல்லை, திரும்பி வராதவன் வீட்டு நாற்காலி இல்லை. கேள்வி கேட்கிற சாக்கில் ‘நீ உயிரோடு திரும்பி வருவாய்’ என்ற வாக்குறுதியை நைசாக நுழைத்துவிட்டார்கள்.

படி 5: எதிரிக்கு மனித முகம் இருக்கிறதா?

1917இல் ஹாரி ஹாப்ஸ் ஜெர்மனியை வரைந்தது கொரில்லாவாக: தலையில் ஜெர்மன் ராணுவத் தொப்பி, ஒரு கையில் தடி, மறு கையில் தூக்கிக்கொண்டு வந்த பெண். கொரில்லாவோடு யாரும் சமாதானம் பேச மாட்டார்கள் அல்லவா?

படி 6: அன்று யார் கண்ணில் பட்டது?

இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். கையை மடக்கிப் புஜத்தைக் காட்டும் பெண் தொழிலாளியின் படம் நாடு முழுக்கப் பெண்களை வேலைக்கு அழைத்தது என்று நானும் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தன் தொழிற்சாலைகளுக்குள், ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்காக 1943 பிப்ரவரியில் இரண்டே வாரம் மாட்டியது. பிரபலமானது 1980களில்.

‘பதறாமல் வேலையைப் பாருங்கள்’ என்ற சிவப்புச் சுவரொட்டி கதை இன்னும் வேடிக்கை. 1939இல் பிரிட்டிஷ் அரசு 24 லட்சத்துக்கும் மேல் அச்சடித்தது, ஒட்டியது சொற்பம். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் அல்னிக் ஊரில் உள்ள பழைய புத்தகக் கடை ஒன்றில், ஏலத்தில் வாங்கிய புத்தகப் பெட்டியின் அடியில் ஒரு பிரதி மடித்துக் கிடந்தது. கடைக்காரர்கள் அதைப் படச்சட்டத்தில் போட்டுக் கடையில் மாட்ட, வந்தவர்கள் எல்லாம் விலை கேட்க ஆரம்பித்தார்கள்.