வர்ம அடி: புதியவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் களரிக்குப் புதுமுகங்கள் வருவார்கள். சிலம்பம் கற்க வருபவர்கள் பாதி. மீதிப் பேர் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டி, “ஆசானே, இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள், போதும்” என்பார்கள். அதில் ஒருவர் இன்னொருவரின் கழுத்தை இரண்டு விரல்களால் தொடுவார். தொடப்பட்டவர் அப்படியே சரிவார். அவர்கள் கேட்பது வர்மம், அதாவது அடியோ அழுத்தமோ பட்டால் ஆளை முடக்கும் என்று சொல்லப்படும் உடல் புள்ளிகள். ஆண்டு மாறினாலும் கேள்வி மாறுவதில்லை, அதன் பின்னால் வரும் தவறுகளும் மாறுவதில்லை. உடலைச் சூடாக்காமல் பயிற்சியில் இறங்குவது, மோதிரத்தைக் கழற்றாமல் பிடி போடுவது போன்றவற்றை எந்த ஆசானும் முதல் நாளே திருத்திவிடுவார். ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

நின்று கொடுப்பவரிடம் பழகுவது

என்னை இன்னும் எரிச்சலூட்டுவது இதுதான்.

மார்த்தாண்டத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். எங்கோ வார இறுதி வகுப்பில் சேர்ந்து சான்றிதழும் வாங்கியிருந்தார். அவருக்குப் பிடித்த இடம் காதுமடலுக்குக் கீழே, தாடை எலும்புக்குப் பின்னால் இருக்கும் குழி. கட்டைவிரலை அங்கே வைத்து மேல்நோக்கி அழுத்தினால், கூடப் பயில்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பார். உண்மையிலேயே வலிக்கும் இடம் அது. சந்தேகமிருந்தால் உங்கள் காதுக்குக் கீழே நீங்களே அழுத்திப் பாருங்கள்.

களரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருந்தான். “அண்ணனை அடிக்காதே. இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளிக்கொண்டே இரு, நிற்காதே” என்று மட்டும் அவனிடம் சொன்னேன். இளைஞரின் கட்டைவிரல் முதலில் காதில் பட்டது, பிறகு கன்னத்தில், பிறகு சட்டைக் காலரில். அதற்குள் பையன் அவரைச் சுவரோடு சேர்த்துவிட்டான். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்: “இவன் அசைகிறான், ஆசானே!”

அசையத்தானே செய்வான்.

அந்தக் குழி ஒரு ரூபாய் நாணயம்கூட இல்லை. அங்கே வலி எழ வேண்டுமானால் மறுபக்கம் இன்னொரு கை தலையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் அழுத்தும் திசையிலேயே தலை திரும்பிவிடும், அழுத்தமும் கரைந்துவிடும். வகுப்பில் கூட நிற்பவர் தலையை அசைக்காமல் வைத்துக்கொள்கிறார். அது மரியாதை. அந்த மரியாதையைத் தன் திறமை என்று எண்ணிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. கையை நீட்டிக்கொண்டு புள்ளியைத் தேடுகிற அந்த ஒரு நொடியில் முகம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. எதிராளியின் கை சும்மா இருக்காது.

அடுத்தது வலியைப் பற்றிய நம்பிக்கை. வலித்தால் விட்டுவிடுவான் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது இத்தாலிப் போர்முனையில் படுகாயமடைந்த வீரர்களைக் கவனித்த ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர், அவர்களில் பெரும்பாலோர் வலிமருந்தே கேட்கவில்லை என்று 1946-இல் எழுதினார். எலும்பு முறிந்த ஆளுக்கே அப்படி என்றால், கோபத்தின் உச்சியில் சட்டையைப் பிடித்திருப்பவனுக்குக் கட்டைவிரல் அழுத்தம் எம்மாத்திரம்? அவன் குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் பக்கத்துப் பழைய ஆசான்கள் வர்மத்தைக் கடைசியில் சொல்லிக்கொடுத்ததற்கு ரகசியம் காப்பது மட்டும் காரணமில்லை என்பது என் கருத்து. முதலில் சுவடு, அதாவது கால் வைக்கும் முறை. கால் பழகிய பிறகு அடியும் தடையும், அதன் பிறகு பிடியும் விடுவிப்பும். கால் சரியான இடத்தில் நின்று, எதிராளியின் கை நம் பிடிக்குள் வந்த பிறகுதான் வர்மம் என்ற பேச்சே எழும். இன்றைய வார இறுதி வகுப்புகள் அந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதல் நாளே புள்ளிகளைக் காட்டிக் கட்டணம் வாங்குகின்றன.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். நண்பருக்குக் கையுறை மாட்டிவிடுங்கள். மெதுவாக அடிக்கவும் தள்ளவும் இழுக்கவும் அவருக்கு முழு உரிமை கொடுங்கள். அதற்கு நடுவில் எந்தப் புள்ளியை உங்களால் தொட முடிகிறதோ, அது மட்டும்தான் உங்களுடையது. பெரும்பாலும் ஒன்றுகூடத் தேறாது. அன்றைக்கே பயிற்சியைச் சுவட்டிலிருந்து தொடங்கலாம்.

விரல் நுனியால் குத்துவது

விரல்தான் ஒடியும். உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை, முழங்கால் போதும்.

கழுத்தில் விளையாடுவது

காணொளி மயக்கங்களில் பாதி நடிப்பு, மீதி இது. குரல்வளையின் மேல் விளிம்பு மட்டத்தில், கழுத்தின் இருபுறமும், தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரிகிறது. இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அங்கே இருக்கின்றன. அடி விழுந்தால் அழுத்தம் எகிறிவிட்டது என்று அவை மூளைக்குத் தவறான சேதி அனுப்பும். இதயத்துடிப்பு குறையும், இரத்த அழுத்தம் சரியும், ஆள் மயங்கலாம். எல்லாரும் மயங்குவதில்லை. மயங்குபவருக்கும் அது பாதுகாப்பானது இல்லை. தமனியின் உள்சுவர் கிழிந்து இரத்தம் கட்டி, சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துப் பக்கவாதமாக வெளிப்படலாம். ஆகவே எங்கள் களரியில் கழுத்து அடியைச் செய்துகாட்டச் சொல்பவரை வாசலுக்கு அனுப்பிவிடுவேன், அவர் எவ்வளவு கட்டணம் கட்டியிருந்தாலும்.

108-ஐயும் மனப்பாடம் செய்வது

கடுமையாகப் பாதிக்கும் படுவர்மம் 12, அந்த அளவு கடுமையில்லாத தொடுவர்மம் 96, ஆக 108 என்ற கணக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு வேண்டும். தற்காப்புக்கு வருபவர் மனப்பாடம் செய்ய வேண்டிய 108 ஆம்புலன்ஸ் எண்தான்.

ஒரே ஓர் இடத்தைக் கேட்டால் தொடையின் வெளிப்பக்கத்தைச் சொல்வேன், முழங்காலுக்கு ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில். உள்ளங்கையை அங்கே வைத்துக் காலை மடக்கி நீட்டினால், பின்தொடைத் தசைநாண் கயிறுபோல் விறைப்பது கையில் தெரியும். காலுக்குப் போகும் நரம்பு அதன் ஓரமாக இறங்குகிறது. முழங்காலால் பக்கவாட்டில் இடித்தால் பலருக்குக் கால் மரத்துத் தடுமாறும். நாணயமளவு குறி வேண்டியதில்லை, நம் கையும் எதிராளியின் முகத்தருகே போக வேண்டியதில்லை. மரக்காவிட்டாலும் இடித்த இடி வீணாகாது, அவன் ஓர் அடி தள்ளி நிற்பான்.

அடங்கல் அறியாமல் அடிப்பது

வர்ம ஏடுகள் அழுத்தத்தைக் கால், அரை, முக்கால், ஒரு மாத்திரை என்று அளக்கின்றன. அடிபட்டவரை எத்தனை நாழிகைக்குள் இளக்கி மீட்க வேண்டும் என்றும் கூறுகின்றன. அடிக்கத் தெரிந்தவர், நினைவிழந்தவரை மீட்கும் புள்ளிகளான அடங்கலைத் தட்டி எழுப்பவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பழைய ஒழுங்கு. புதியவர்கள் முதல் பாதியை மட்டும் கேட்கிறார்கள். பயிற்சியில் யாராவது நினைவிழந்தால் அடங்கல் பார்க்கிறேன் என்று சோதனையில் இறங்காதீர்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டாலும்.

சட்டத்தை மறப்பது

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தற்காப்பு உரிமையை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் வைத்திருக்கிறது. தற்காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யும் உரிமை கிடையாது என்கிறது பிரிவு 37. கையைப் பிடித்தவன் விட்டுவிட்டு ஓடத் தொடங்கிய பிறகு துரத்திப்போய் அடித்தால், வழக்கு உங்கள் பெயரில் பதிவாகும். அங்கே “எனக்கு வர்மம் தெரியும்” என்று பெருமையடித்துக்கொண்டால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும். பிடி விட்டதும் வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் பக்கம் நகர்ந்து 112-ஐ அழையுங்கள். சட்டை கிழிந்திருந்தால் தைக்கக் கொடுத்துவிடாமல் அப்படியே எடுத்து வையுங்கள், காவல் நிலையத்தில் கேட்பார்கள்.