வாட் கணக்கை வைத்து நிரலைப் பிரித்துப் பார்ப்போம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மசாலாக் கடை நடத்துகிறவர்களுக்கு 2018 ஏப்ரல் 1 மறந்திருக்காது. அன்றுதான் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 14 சதவீதத்திலிருந்து 15 ஆனது. (அரிசிக்கும் பருப்புக்கும் வாட் கிடையாது, மசாலாத் தூளுக்கு உண்டு.) பில் போடும் நிரலில் அந்த எண்ணைக் கையாலும் மாற்றலாம், இன்னொரு நிரலை ஏவியும் மாற்றலாம். இரண்டாவது வழியைப் பழகுவோம்.

ராக்கெட் என்ற நிரல் மொழியில் எழுதி ஓட்டிப் பார்க்க உதவும் டாக்டர் ராக்கெட்டை (DrRacket) நிறுவுங்கள், இலவசம்தான். ராக்கெட் மொழியைத் தேர்ந்து ரன் அழுத்துங்கள். இனி கீழ்ப் பெட்டியில்தான் வேலை. கட்டளைப் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

200 ரேண்ட் பொருளுக்குப் பழைய வாட் சேர்த்த விலை (100-உம் 14-உம் சேர்ந்து 114; ராக்கெட்டில் குறி முன்னால் வரும், * பெருக்கல், / வகுத்தல்):

(/ (* 200 114) 100)

228 வரும். சரி, இப்போது முன்னால் ஓர் ஒற்றைக் குறி போடுங்கள்:

'(/ (* 200 114) 100)

கணக்கு நடக்காது, தட்டியதே திரும்பி வரும். உங்கள் நிரல் இப்போது ஒரு பட்டியல். ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் கொண்டு உறுப்புகளை எடுத்து, சிம்பல்? லிஸ்ட்? நம்பர்? என்று ஒவ்வொன்றின் வகையையும் கேட்டுப் பாருங்கள் (கேள்விக்குறியும் பெயரில் சேர்ந்ததுதான்).

பலரும் குழம்புவது இங்கேதான். / என்று மட்டும் தட்டினால் அது ப்ரொசீஜர், வகுக்கத் தெரிந்தது. '/ என்பது சிம்பல், வெறும் பெயர். பட்டியலுக்குள் இருப்பது பெயர்தான். அந்தப் பெயருக்குரிய செயலைத் தேடிப் பிடித்து ஓட்டுவது இவால் (eval). பட்டியலை அதற்குக் கொடுத்தால் மறுபடி 228. மேல் பெட்டியில் இவாலை இப்படியே எழுதினால் பிழை வரும், அங்கே அதற்கு எந்தப் பெயரும் தெரியாது.

அப்புறம் டிஃபைன் போட்டு ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். 'மாற்று' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ராக்கெட் ஏற்கும். உள்ளே காண்ட் (cond, நிபந்தனை பார்த்துக் கிளை பிரிப்பது), மூன்று கிளை: வந்தது பட்டியலா, மேப் கொண்டு ஒவ்வோர் உறுப்பையும் 'மாற்று'க்கே அனுப்பு, 114-ஆ, 115 கொடு, வேறு எதுவானாலும் அப்படியே விடு. ஒப்பிட ஈக்வல்? போடுங்கள். = போட்டால் சிம்பல் வந்ததும் பிழை விழும், அது எண்களுக்கு மட்டும். பழைய பட்டியலை 'மாற்று'க்குக் கொடுத்தால் வருவது:

'(/ (* 200 115) 100)

இவால் செய்தால் 230.

ஒரு வம்பு இருக்கிறது. பொருளின் விலையே 114 ரேண்ட் என்றால் இரண்டு 114-உம் மாறிவிடும். 131 ரேண்ட் 10 சென்ட் வர வேண்டியது 132 ரேண்ட் 25 சென்ட் ஆகும். எண்ணைப் பார்த்து மாற்றாமல் இடத்தைப் பார்த்து மாற்றுங்கள்: வந்தது பட்டியலாகவும் அதன் முதல் உறுப்பு '* ஆகவும் மூன்றாவது 114 ஆகவும் இருந்தால் மூன்றாவதை மட்டும் மாற்றும் கிளையைச் சேர்த்து, பழைய 114 கிளையை எடுத்துவிடுங்கள். காண்ட் மேலிருந்து கீழே போகும், அதனால் புதுக் கிளை லிஸ்ட்? கிளைக்கு மேலே இருக்க வேண்டும்.