பழைய பீங்கானை மதிப்பிடும்போதும் பேணும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தின் பழைய துரை பங்களாக்களில், கண்ணாடி அலுமாரியில் நீலமும் வெள்ளையுமான தட்டொன்றைக் கண்டதும் அது சீனாவிலிருந்து வந்தது என்று முடிவுகட்டுவதே பலரும் செய்யும் முதல் தவறு. வில்லோ மரமும், பாலத்தைக் கடக்கும் மூன்று உருவங்களும், வானில் இரு பறவைகளும் கொண்ட புகழ்பெற்ற சித்திரம், சீனப் பாணியைத் தழுவி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவானது. செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் அச்செடுத்துத் தட்டின்மேல் ஒற்றினார்கள். விளிம்பை உற்றுப் பார்த்தால், தாளின் இரு முனைகளும் சந்தித்த இடத்தில் கோலம் சற்றே விலகி நிற்பதைப் பல தட்டுகளில் காணலாம்.

நிறத்தைவிட நம்பத்தக்க சாட்சி தட்டின் அடியில் இருக்கிறது. மெருகு, அதாவது சூளையில் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சு, பூசப்படாத அடிவளையம் மங்கிய மஞ்சளாகவோ சிவப்பாகவோ, நுண்துளைகளுடன் இருந்தால் அது மட்பாண்டம். ஒல்லாந்தரின் டெல்ஃப்ட் பாண்டங்கள் இவ்வாறு சாதாரண மண்ணின்மேல் வெள்ளீயம் கலந்த வெண்மெருகு பூசிச் சுடப்பட்டவை. வெண்மையாகவும் இறுக்கமாகவும் இருந்து, மெல்லிய இடத்தில் விளக்கொளியையும் ஊடுருவவிட்டால் அது பீங்கான். சீனாவின் ஜிங்டெஜென் சூளைகளில் நெடுங்காலம் செய்யப்பட்ட அத்தகைய கடும்பீங்கானை ஐரோப்பாவில் தயாரிக்கும் ஆலை ஜெர்மனியின் மைசனில் 1710இல்தான் நிறுவப்பட்டது.

அடியிலுள்ள முத்திரையை மட்டும் நம்பிக் காலத்தைக் கணிப்பது அதைவிடப் பெரிய தவறு. சீனாவின் காங்ஸி பேரரசர் காலத்துக் குயவர்கள், தமக்கு இருநூறு ஆண்டுகள் முற்பட்ட செங்குவா ஆட்சியின் (1465–1487) முத்திரையை முன்னோரின் கலைக்குச் செய்யும் மரியாதையாகவே பொறித்தார்கள். நொரிடேக் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெயரைக் கண்டதும் ஜப்பானில் செய்தது என்று எண்ணவும் வேண்டாம். மாத்தளையிலேயே அந்நிறுவனத்தின் ஆலை இயங்குகிறது, நம் மலையக மண்ணில் உருவான அந்தப் பீங்கானையும் அதற்குரிய பெருமையோடு பார்க்க வேண்டும்.

பேணுவதில் நேரும் தவறுகள் திருத்த முடியாதவை. பொன் விளிம்பு மெருகின் மேலே குறைந்த வெப்பத்தில் பதிக்கப்பட்டதால், தும்பும் சாம்பலும் கொண்டு தேய்த்தால் விரைவில் அழிந்துவிடும். மெருகில் வலைபோல் வெடிப்பு விழுந்த மட்பாண்டக் கோப்பையில் தேயிலைச் சாயம் உள்ளிறங்கிப் பழுப்புக் கோடுகளாகத் தெரியும். அதை வெளுக்க குளோரின் திரவத்தில் ஊறவைத்தால், உள்ளே தங்கும் உப்பு காயும்போது படிகமாகி மெருகையே உரித்துவிடக்கூடும். பழைய மட்பாண்ட மெருகுகள் பலவற்றில் ஈயம் உண்டு, புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்க்கும். ஆகவே தேசிக்காய் ஊறுகாயையும் புளிக்குழம்பையும் அவற்றில் ஒருபோதும் வைக்கக்கூடாது.