கொலுசுப் பட்டறையில் எட்டுப் பேர்: சிறுதொழிலில் ஆள் சேர்த்து நடத்தும் முறை

சேலத்தில் சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் உள்ள கொலுசுப் பட்டறைகளில் பல, ஐந்து பேரையோ எட்டுப் பேரையோ வைத்து நடப்பவை. தொழில் தெரிந்த ஒருவர், பல ஆண்டுகள் பிறர் பட்டறையில் கூலிக்கு உட்கார்ந்தபின், தமக்கென்று ஓர் இடம் பிடித்து நான்கு பேரை அமர்த்துகிறார். கம்பி இழுக்கவும் பற்றவைக்கவும் அவருக்குத் தெரியும். அந்த நான்கு பேரை வைத்து வேலை வாங்குவது எப்படி என்று யாரும் அவருக்குக் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள். அப்படித் தொடங்குபவருக்காக இதை எழுதுகிறேன். விசைத்தறியோ ஜவ்வரிசி ஆலையோ வைத்திருப்பவர்கள், எடை என்று நான் சொல்லும் இடத்தில் மீட்டரையோ மூட்டையையோ பொருத்திக்கொள்ளலாம்.

நான் பார்த்தவரையில், ஆள் நிலைப்பதும் போவதும் கூலியின் அளவைவிடக் கணக்கின் தெளிவைப் பொறுத்தே அமைகிறது. பக்கத்துப் பட்டறையில் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்தும் போகாதவர்கள், சனிக்கிழமைக் கூலியில் இருநூறு ரூபாய் ஏன் குறைந்தது என்று விளங்காவிட்டால் திங்கட்கிழமை வருவதில்லை. ஆகையால் கீழே வரும் படிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நோட்டும் பேனாவும் தேவைப்படும்.

முதல் படி: வேலையைப் பிரித்து எழுதுங்கள்

ஆள் தேடுவதற்கு முன்பே, உங்கள் பட்டறையில் வெள்ளி உள்ளே வந்து கொலுசாக வெளியே போகும்வரை நடக்கும் வேலைகளை வரிசையாக எழுதுங்கள். உருக்குதல், கம்பி இழுத்தல், கண்ணி கோத்தல், பற்றவைத்தல், கொக்கியும் சலங்கையும் சேர்த்தல், ஆசிட்டில் கழுவுதல், மெருகேற்றுதல், எடைபோட்டுக் கட்டுதல் என்று அது நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்பவரின் பெயரையும், அவர் வராவிட்டால் செய்யக்கூடியவரின் பெயரையும் எழுதுங்கள். அந்த இரண்டாவது பெயர் எங்கெல்லாம் வெற்றாக இருக்கிறதோ, அங்கெல்லாம் உங்கள் தொழில் ஒற்றைக் காலில் நிற்கிறது.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. தொடக்கத்தில் என்னிடம் பற்றவைக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே இருந்தார். ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி அவர் நான்கு நாள் வரவில்லை. கோத்து வைத்த கண்ணிகள் அப்படியே தட்டில் கிடந்தன, ஆர்டர் தவறியது. அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போனார் என்பதால் கோபப்படவும் வழியில்லை. அதன் பிறகு வாரத்தில் ஒரு பிற்பகலை, ஒருவர் வேலையை இன்னொருவர் பழகுவதற்கென்று ஒதுக்கினேன். கற்றுத்தருபவருக்கு அந்த நேரத்துக்கான கூலியைத் தனியாகக் கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால், தம் கைத்தொழிலைப் பிறருக்குச் சொல்லித்தந்து தம் பிழைப்பைத் தாமே கெடுத்துக்கொள்வதாக அவருக்குத் தோன்றும்.

இரண்டாம் படி: ஒரு வாரம் கூலி கொடுத்துப் பாருங்கள்

சிறு பட்டறைக்கு ஆள் வருவது பெரும்பாலும் உறவு வழியாகவோ தெரிந்தவர் சொல்லியோதான். அதில் தவறில்லை, ஆனால் மாமன் மகன் என்பதற்காகச் சேர்த்தவரை, வேலை சரியில்லை என்று நிறுத்துவது எளிதன்று. எனவே யாராக இருந்தாலும் ஒரு வாரம் பழக்க வேலை, அதற்கு இவ்வளவு கூலி, அதன் பிறகே முடிவு என்பதை வரும் அன்றே சொல்லிவிடுங்கள். அந்த வாரத்தில் கையின் வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். வெட்டுத் துண்டுகளை எப்படிச் சேர்த்து வைக்கிறார், ஐயம் வந்தால் கேட்கிறாரா அல்லது தம் போக்கில் செய்துவிடுகிறாரா என்பதைக் கவனியுங்கள். நெருப்பும் ஆசிட்டும் உள்ள இடம் என்பதால் 18 வயது நிறையாதவரை, பெற்றோரே அழைத்து வந்தாலும், சேர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: கூலியை எந்த அளவில் கொடுப்பது

கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்தால் வேலை விரையும், தரம் தளரும். மாதச் சம்பளம் கொடுத்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவருக்கு எடையை மட்டும் பார்த்துக் கூலி கொடுத்தால் கூடையில் பச்சைக்காயும் சேர்ந்துவிடும் அல்லவா, அதே கதைதான். கண்ணி கோப்பது போன்ற எண்ணக்கூடிய வேலைக்கு எடைக்கூலியும், பற்றவைப்பு, மெருகு போன்ற நிதானம் வேண்டிய வேலைக்கு நாள் கூலியும் வைப்பது எனக்குச் சரிப்பட்டு வந்தது. திரும்பி வரும் கொலுசைச் சரிசெய்ய யார் நேரம் செலவாகும், அதற்குக் கூலி உண்டா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். ஒரே வேலையைச் செய்யும் பெண்ணுக்குக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. அது சட்டத்துக்கும் புறம்பானது, பட்டறைக்குள் மனக்கசப்பையும் வளர்க்கும்.

நான்காம் படி: எடைக் கணக்கு

வெள்ளித் தொழிலில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலுள்ள நம்பிக்கை தராசில்தான் இருக்கிறது. காலையில் கொடுத்த வெள்ளியின் எடை, மாலையில் திரும்பிய எடை, இரண்டுக்கும் இடையிலுள்ள சேதாரம் ஆகிய மூன்றையும் தொழிலாளியின் கண்முன்னே எடைபோட்டு, உங்கள் நோட்டிலும் அவரிடமுள்ள சிறு நோட்டிலும் எழுதுங்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவருக்கு 1,000 கிராம் வெள்ளியும், பற்றவைக்க 20 கிராம் பொடியும் கொடுத்தீர்கள்; ஆக 1,020. மாலையில் கொலுசு 978, வெட்டுத் துண்டு 28, தட்டில் சேர்ந்த தூள் 9, ஆக 1,015 கிராம் திரும்பியது. சேதாரம் 5 கிராம். புதிதாகத் தொடங்குபவர்கள் பொடியின் எடையை மறந்துவிடுகிறார்கள். மறந்தால் 15 கிராம் கூடுதலாக வந்திருப்பதுபோல் காட்டும், உண்மையான சேதாரம் கண்ணில் படாமலே போகும்.

எவ்வளவு சேதாரம் பொறுக்கத்தக்கது என்பதை வேலைவாரியாக, ஒரு மாதக் கணக்கைப் பார்த்தபின், தொழிலாளிகளையும் கேட்டு நிர்ணயியுங்கள். முதல் மாதத்தில் யாரிடமும் பிடித்தம் செய்யாதீர்கள்.

இதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ஒரு மாலை 12 கிராம் குறைந்தது. அன்று நான்கு பேர் உட்கார்ந்திருக்க, அதில் ஒருவரிடம் மட்டும், அவர் புதியவர் என்ற ஒரே காரணத்தால், எல்லோருக்கும் கேட்கும்படி விசாரித்தேன். மூன்றாம் நாள் பலகையை நகர்த்திக் கூட்டியபோது, தரையின் விரிசலில் கம்பித் துண்டுகள் பெரும்பகுதியும் கிடந்தன. மன்னிப்புக் கேட்டேன், அவர் சிரித்துக்கொண்டே "பரவாயில்லைங்க முதலாளி" என்றார், மறுவாரம் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். எடை குறைந்தால் முதலில் தரை, பிறகு தராசு, பிறகு நோட்டிலுள்ள கூட்டல், அதற்கும் பிறகே ஆள் என்ற வரிசையை அன்று வகுத்தேன். தரை விரிசலைச் சிமென்ட் வைத்து அடைத்தேன். பட்டறை மண்ணை வாங்கி வெள்ளி பிரித்தெடுப்போருக்கு விற்கும்போது கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது என்ற ஏற்பாடும் அப்போது வந்தது. அதன் பிறகு, கூட்டும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் படி: முன்பணம்

ஆள் சேரும்போது முன்பணம் கேட்பது இங்கே வழக்கம். பள்ளிக் கட்டணம், காதுகுத்து, மருத்துவச் செலவு என்று இடையிலும் கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் பெருந்தொகையைக் கொடுத்துவிட்டால் ஆள் எங்கும் போக மாட்டார் என்ற கணக்கில் கொடுப்பது மிகத் தவறு. முன்பணத்தைக் காட்டி, கடன் தீரும்வரை வேறிடத்தில் வேலை செய்யக் கூடாது என்று ஒருவரைத் தடுப்பது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கடனுக்காக உட்கார்ந்திருப்பவர் கை வேலையில் இருக்கும், மனம் வாசலில் இருக்கும்.

இரண்டு மாதக் கூலிக்கு மேல் முன்பணம் இல்லை என்று ஒரு வரம்பு வையுங்கள், வட்டி வேண்டாம். 20,000 ரூபாய் கொடுத்தால் வாரம் 500 பிடித்து 40 வாரத்தில் தீரும் என்று, கொடுக்கும் அன்றே இருவர் நோட்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வேலை குறைந்த வாரத்தில் பிடித்தத்தைத் தள்ளிவைக்கலாம். எவ்வளவு நெருக்கடியானாலும் எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. பக்கத்துப் பட்டறைக்காரர் கொடுத்த முன்பணத்தை நீங்கள் அடைத்து அவர் ஆளை இழுத்து வருவதும் வேண்டாம், ஏனெனில் அதே வழியில் உங்கள் ஆளும் போவார்.

ஆறாம் படி: காலைப் பத்து நிமிடம்

வேலை தொடங்குமுன், தேநீர் வந்ததும், இன்று எந்த ஆர்டர், எத்தனை ஜோடி, எப்போது முடிய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். நேற்று எது தடைப்பட்டது என்று கேளுங்கள். கேட்டபின் நீங்கள் பேசாமல் இருக்கப் பழகுவதுதான் கடினம். ஒருவர் வேலையில் குறை இருந்தால் அதை இந்தக் கூட்டத்தில் எடுக்காதீர்கள். தனியே அழைத்து, குறையுள்ள கொலுசைக் கையில் கொடுத்து, அவரே கண்டுபிடிக்கும்வரை பொறுங்கள். பாராட்டை எல்லோர் முன்னும் சொல்லலாம், ஆனால் தினமும் ஒருவரையே புகழ்ந்தால் அவருக்கே அது சங்கடம்.

ஏழாம் படி: உடல் நலமும் சட்டமும்

பற்றவைக்கும் பொடியில் காட்மியம் கலந்திருந்தால் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். காட்மியம் இல்லாத பொடியைக் கேட்டு வாங்குங்கள். வெளியே காற்றை இழுக்கும் விசிறியைப் பற்றவைப்பவரின் முகத்துக்கு எதிர்ப்பக்கம், புகை அவரைக் கடந்து போகாதபடி பொருத்துங்கள். ஆசிட் வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் கொடுங்கள். ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பத்துப் பேர் ஆகிவிட்டால் தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. கட்டாயம் வருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு, தொழிலாளி 0.75 விழுக்காடும் நீங்கள் 3.25 விழுக்காடும் செலுத்த வேண்டும். 15,000 வாங்குபவருக்கு அது 112.50 ரூபாயும் 487.50 ரூபாயும். இந்தச் செலவுக்கு அஞ்சி ஒன்பது பேரோடு நிறுத்திக்கொள்பவர்களை எனக்குத் தெரியும். ஒரே ஒரு தீக்காயத்துக்கான மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால் அது தவறான சிக்கனம். பாலியல் தொல்லை குறித்த புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் பத்துப் பேர் உள்ள இடத்தில் இருந்தாக வேண்டும். இருபது பேரானால் வருங்கால வைப்பு நிதி. இவற்றைத் தெரிந்த கணக்கர் ஒருவரிடம் ஒப்படையுங்கள், ஆனால் ரசீதை நீங்களே வாங்கிப் பாருங்கள்.

எட்டாம் படி: போகிறவரை அனுப்பும் முறை

தீபாவளி போனஸ் வாங்கியபின் சிலர் விலகுவார்கள். அது துரோகமன்று, வருட முடிவில் கணக்குப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள உரிமை. விலகுவதாகச் சொன்னவரின் பாக்கிக் கூலியை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். சட்டமும் அதையே கேட்கிறது. முன்பணப் பாக்கி இருந்தால் தவணையாகக் கொடுக்க ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். ஏன் போகிறார் என்று கேளுங்கள், ஆனால் கணக்கைத் தீர்த்துப் பணத்தைக் கையில் கொடுத்த பிறகு கேளுங்கள். அதற்கு முன் கேட்டால் "வீட்டில் கொஞ்சம் வேலை" என்பார்கள். பிறகு கேட்டபோது ஒருவர், பிற்பகலில் மெருகு மிஷின் பக்கம் வெக்கை தாங்கவில்லை என்று சொன்னார். அந்தச் சுவரில் இப்போது ஒரு ஜன்னல் இருக்கிறது. பொங்கல் கழிந்து அவர் திரும்பி வந்து, அதன் அடியிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறார்.