காய்ச்சல் வந்தாலும் பால் கொடுக்கலாம்

2021 ஜூலையில், ரங்கூனில் ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற நாட்களில், என் தங்கைக்கும் கொரோனா வந்தது. கையில் 40 நாள் பிள்ளை. "காய்ச்சல்காரி பால் பிள்ளைக்கு ஆகாது, நிறுத்திடும்மா" என்றார் அவள் மாமியார். பயத்தில் சொன்னது அது. ஆனால் கொரோனா பால் வழியாகப் பரவியதற்குச் சான்று இல்லை. மூச்சும் இருமலும் கையும்தான் ஆபத்து. பாலிலோ தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போகிறது. உலக சுகாதார நிறுவனமும் கொடுக்கவே சொல்கிறது.

முதலில் கை. சோப்புப் போட்டு 20 விநாடி, நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி மாஸ்க். தனக்கா (பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) பூசியிருந்தால் முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டுப் போடுங்கள். தங்கைக்கு அது வியர்வையில் குழைந்து மாஸ்க்கே நனைந்துபோனது. நனைந்ததை மாற்றியே ஆகவேண்டும். பிள்ளைக்கு மாஸ்க் போடவே கூடாது, மூச்சு முட்டும். மார்பை ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டாம். மாஸ்க் இல்லாமல் அதன் மேல் இருமிவிட்டால் மட்டும் கழுவினால் போதும்.

மூன்றாம் நாள் அவளால் உட்கார முடியவில்லை. அப்போது கையால் பீய்ச்சி எடுத்தோம். மார்புக் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்க வேண்டும்; தோலின் மேல் இழுத்துத் தேய்த்தால் புண்ணாகிவிடும். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பதறாதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, நான் கை கழுவி, மாஸ்க் போட்டு, பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்துச் சங்கில் ஊட்டினேன். சங்கின் விளிம்பு கீழுதட்டைத் தொட்டால் போதும், அதுவே நக்கிக் குடிக்கும். வாயில் ஊற்றினால் புரையேறும்.

பீய்ச்சிய பால் வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது வெப்பம் 25 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால்தான். ரங்கூன் புழுக்கத்தில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஃபிரிட்ஜை நம்பாமல், எடுத்தவுடன் கொடுத்தோம். இரவிலும் 3 மணி நேரத்துக்கு ஒருதரம் பீய்ச்சுங்கள், இல்லையென்றால் பால் கட்டிக்கொள்ளும்.

காய்ச்சலுக்கு அளவாகப் பாராசிட்டமால் சாப்பிடலாம். வேறு மருந்து என்றால் டாக்டரிடம் பால் கொடுப்பதைச் சொல்லுங்கள். தாய்க்கு மூச்சு வாங்கினாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு 38 டிகிரி சுட்டாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு இழுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தாய் எழுந்து உட்கார்ந்ததும் பிள்ளையை நேராக மார்பில் போடுங்கள். பால் குறைந்தாற்போல் இருந்தால் அடிக்கடி சப்பவிடுங்கள். தங்கைக்கு அப்படித்தான் திரும்ப ஊறியது.