பாரசீகக் கலையைப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

"இஸ்லாத்தில் உருவம் வரையக் கூடாது, அதனால்தான் எல்லாம் பூவும் கொடியுமாக இருக்கிறது." பாரசீகக் கலை என்றதும் முதலில் வரும் பேச்சு இதுதான். பாதி சரி. சிலை வணக்கத்துக்கு எதிரான கண்டிப்பும், உருவம் வரைபவர்களை எச்சரிக்கும் ஹதீஸ்களும் (நபிமொழிகள்) பள்ளிவாசல் சுவரிலும் திருக்குர்ஆன் பிரதிகளிலும் தவறாமல் வேலை செய்தன. அரண்மனையும் அரச நூலகமும் வேறு உலகம். 16-ஆம் நூற்றாண்டில் ஈரானின் சஃபவி வம்ச அரசர் ஷா தஹ்மாஸ்புக்காகத் தப்ரீஸ் நகரில் உருவான ஷாநாமா (பாரசீக அரசர்களின் காவியம்) பிரதி ஒன்றில் மட்டும் 258 ஓவியங்கள். அரசர்கள், அரக்கர்கள், குதிரைகள் என்று ஒரே கூட்டம். ஒரு பொருளைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, அது எங்கே இருந்தது என்பதைத்தான்.

கட்டுப்பாடும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் அமைச்சரும் வரலாற்றாசிரியருமான ரஷீதுத்தீனின் நூலுக்குத் தப்ரீஸில் வரைந்தவர்கள் நபிகள் நாயகத்தை முகம் தெரியவே வரைந்தார்கள். சஃபவி காலத்து மிஃராஜ் (நபிகளின் விண்ணேற்றம்) ஓவியங்களில் முகத்துக்கு வெள்ளைத் திரை வந்துவிட்டது, தலையைச் சுற்றி தீச்சுடர். இன்றைய முஸ்லிம்களில் பெரும்பாலோர் இரண்டையுமே ஏற்கமாட்டார்கள். ஆனால் அதை வைத்து அன்று இப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, கொஞ்சம் படித்தவர்கள் செய்வது. அஷ்அரி என்ற இஸ்லாமிய இறையியல் மரபின்படி உலகம் அணுக்களால் ஆனது, இறைவன் நொடிக்கு நொடி அதைப் படைக்கிறான். ஈரானின் இஸ்ஃபஹான் நகரக் கட்டடங்களில் பதித்த ஓடுகளின் வடிவங்கள் இதைத்தான் காட்டுகின்றன என்பார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அஷ்அரி சன்னி மரபு. 1501-இல் ஷியா மார்க்கத்தை அரச மதமாக்கிய சஃபவிகள் கட்டியது அந்த இஸ்ஃபஹான்!

சரி, எல்லோருக்கும் பிடித்த கதைக்கு வருவோம். குறையில்லாதவன் இறைவன் மட்டுமே, அதனால் நெசவாளர்கள் கம்பளத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்களாம். யோசித்துப் பாருங்கள். பிழையை வலிந்து போட்டால்தான் குறை வரும் என்றால், போடாவிட்டால் தன் கை குறையே செய்யாது என்று அந்த நெசவாளர் நம்பியதாக ஆகிறது. பணிவைவிட அதில் கர்வம்தான் அதிகம். லட்சக்கணக்கில் முடிச்சுப் போடும் கைக்குத் தவறு தானாகவே வரும். ஒரு தொட்டி சாயம் தீர்ந்து அடுத்ததில் நூல் தோய்த்தால் நிறம் லேசாக மாறிப் பட்டை விழும். கம்பள வியாபாரத்தில் அதற்கு அப்ரஷ் என்றே பெயர் உண்டு.

இந்தக் கதைக்கு அடிக்கடி காட்டும் சாட்சி, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபீல் கம்பளம். நீளம் பத்து மீட்டருக்கு மேல். நடுப்பதக்கத்தின் இரு பக்கமும் தொங்கும் இரண்டு விளக்குகளில் ஒன்று சிறியது. வேண்டுமென்றே விட்ட பிழை என்கிறார்கள் சிலர், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிவதைச் சரிக்கட்டும் கண்கட்டு வித்தை என்கிறார்கள் சிலர். இரண்டுக்கும் அக்காலத்து ஆதாரம் கிடையாது.

அதே கம்பளத்தின் ஒரு ஓரத்தில் சின்னக் கட்டத்துக்குள் எழுத்து இருக்கிறது. ஈரானின் அர்தபீல் நகரத் தர்காவோடு சேர்த்துப் பேசப்படும் கம்பளம், எனவே திருக்குர்ஆன் வசனமாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் தவறு. அது பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கவிதை: உன் வாசற்படியன்றி உலகில் எனக்குப் புகலிடம் இல்லை. அதன் கீழே, "வாசலின் அடிமை, காஷானின் மக்ஸூத், 946", அதாவது ஹிஜ்ரி 946, நம் கணக்கில் 1539–40. அந்த வாசல் இறைவனுடையதா, அர்தபீல் தர்காவில் அடங்கியிருக்கும், சஃபவிகளின் மூதாதையான சூஃபி ஞானி ஷேக் ஸஃபியுடையதா, அரசனுடையதா? மக்ஸூத் சொல்லவில்லை.