எஸ்ஏபியில் ‘திரை இல்லை’ என்று வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனங்களின் வேலைகளை நடத்தும் எஸ்ஏபி மென்பொருளில் பயனர் ஒரு பொத்தானை அழுத்துகிறார், வேலை நின்று ‘டைன்ப்ரோ நாட் ஃபவுண்ட்’ (திரை கிடைக்கவில்லை) என்று டம்ப், அதாவது பிழை அறிக்கை, வருகிறது. உடனே அவரை வெளியேறி மறுபடி லாகின் செய்யச் சொல்கிறோம். சரியாகவில்லை என்றால் அவர் கணினியில் உள்ள எஸ்ஏபி குய் மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவுகிறோம். இதில் போகும் நேரமெல்லாம் வீண். பயனரின் கணினியில் இருப்பது திரையை வரைந்து காட்டும் மென்பொருள் மட்டும்தான். திரையின் வரையறை டேட்டாபேஸில் இருக்கிறது, அதை எடுத்து ஓட்டுவது அப்ளிகேஷன் சர்வர். கோளாறும் அந்தப் பக்கம்தான்.

இன்னொரு பழக்கம், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அந்தப் பயனருக்கு எஸ்ஏபி ஆல் என்ற முழு அனுமதியைக் கொடுத்துப் பார்ப்பது. அனுமதி இல்லையென்றால் அனுமதி இல்லை என்றுதான் செய்தி வரும், அனுமதிச் சோதனையைக் காட்டும் எஸ்யு53-லும் அது தெரியும். இல்லாத திரையை எந்த அனுமதியாலும் திறக்க முடியாது. ஆனால் கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுக்க மறந்தால் அது பெரிய ஆபத்து.

டம்புகளைக் காட்டும் எஸ்டி22-ல் அதைத் திறந்தால் இரண்டு விவரம் இருக்கும்: புரோகிராமின் பெயர், திரையின் எண். எல்லாரும் எண்ணைப் பார்க்கிறார்கள். பெயரைச் சரியாகப் படிப்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் அதிக நேரத்தைத் தின்னும் தவறு இதுதான்.

ஓர் உதாரணம். இசட் ரிப்போர்ட் (நிறுவனமே எழுதிக்கொண்ட புரோகிராம்) ஒன்று, பர்ஃபார்ம் கட்டளை மூலம் வேறொரு புரோகிராமில் உள்ள சப்ரூட்டீனை, அதாவது துணை நிரல் பகுதியை, அழைக்கிறது. அந்த சப்ரூட்டீனுக்குள் ‘கால் ஸ்க்ரீன் 200’ என்று, 0200 எண் திரையை அழைக்கும் கட்டளை இருக்கிறது. டம்ப் வந்ததும் டெவலப்பர் சப்ரூட்டீன் இருக்கும் புரோகிராமை, திரைகளை வரையும் கருவியான எஸ்இ51-ல் திறக்கிறார். 0200 அங்கே பத்திரமாக இருக்கிறது, ஆக்டிவாகவும் இருக்கிறது. ‘திரை இருக்கிறதே, சிஸ்டம்தான் தப்பு’ என்று முடிவு கட்டிவிடுகிறார். நானும் ஒரு திட்டத்தில் இப்படியே அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

நடந்தது என்னவென்றால், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட புரோகிராம் அழைத்த புரோகிராமின் புரோகிராம் குரூப்பில் (நினைவகத்தில் சேர்ந்து ஓடும் புரோகிராம்களின் தொகுப்பில்) போய்ச் சேர்கிறது. கால் ஸ்க்ரீன் எப்போதும் அந்தக் குரூப்பின் முதன்மைப் புரோகிராமில்தான் திரையைத் தேடும். அதாவது 0200 என்ற திரையை, சப்ரூட்டீனை அழைத்த ரிப்போர்ட்டில் தேடும், அங்கே அது இல்லை. டம்பிலும் அந்த ரிப்போர்ட்டின் பெயர்தான் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. திரையை ஒரு ஃபங்ஷன் குரூப்புக்குள் வைத்து, அதில் உள்ள ஃபங்ஷன் மாடியூல் (பொதுவாக அழைக்கக்கூடிய நிரல்) வழியாக அழைத்தால் இந்தச் சிக்கல் வராது. ஃபங்ஷன் குரூப்புக்குத் தனி புரோகிராம் குரூப் உண்டு. இன்க்ளூட் (புரோகிராமில் சேர்க்கப்படும் நிரல் துண்டு) ஒன்றை வேறு புரோகிராமுக்கு நகலெடுத்து, திரையை நகலெடுக்க மறப்பதும் இதே வகைதான்.

டெவலப்மென்ட் சிஸ்டத்தில் ஓடுகிறது, சோதனைக்கான குவாலிட்டி சிஸ்டத்தில் டம்ப் வருகிறது என்றால் டிரான்ஸ்போர்ட்டை, அதாவது மாற்றங்களை ரெக்வஸ்ட் என்ற தொகுப்புகளாக நகர்த்துவதை, பாருங்கள். புரோகிராம் ஒருவருடைய ரெக்வஸ்ட்டிலும், திரை இன்னொருவருடைய ரெக்வஸ்ட்டில் ‘லிமு டைன்ப்’ என்ற தனி வரியாகவும் இருக்கலாம். முதல் ரெக்வஸ்ட் நகர்ந்திருக்கும், இரண்டாவது அங்கேயே நிற்கும். அந்த வரியில் புரோகிராம் பெயருக்குப் பின் நீண்ட இடைவெளி விட்டு, கடைசியில்தான் திரை எண் இருக்கும். வலப்பக்கம் நகர்த்திப் பார்க்காதவர் கண்ணில் படவே படாது. எந்த ரெக்வஸ்ட்டில் சிக்கியிருக்கிறது என்று எஸ்இ03-ல் தேடலாம்.

இதில் மிக மோசமானது, அவசரத்துக்கு அதே எண்ணில் ஒரு வெற்றுத் திரையை உருவாக்கி அனுப்புவது. டம்ப் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் புதிய திரையின் ‘அடுத்த திரை’ இயல்பாகவே அதே எண்தான். வெளியேறும் கட்டளைகளைக் கவனிக்கும் பிஏஐ தர்க்கம் (பயனர் அழுத்திய பின் ஓடும் நிரல்) இல்லாததால், பயனர் என்ன அழுத்தினாலும் அங்கேயே சுற்றுவார். தேர்வுத் திரையான 1000-ஐ எஸ்இ51-ல் கையால் வரைவதும் கூடாது. அது பாராமீட்டர்ஸ், செலக்ட் ஆப்ஷன்ஸ் வரிகளிலிருந்து சிஸ்டமே உருவாக்குவது, கையால் செய்த மாற்றம் அடுத்த முறை உருவாகும்போது அழிந்துபோகும்.

சப்ஸ்க்ரீன் (திரைக்குள் திரை) என்றால் புரோகிராம் பெயரும் திரை எண்ணும் பெரும்பாலும் மாறிகளில் வரும். திரை காட்டப்படும் முன் ஓடும் பிபிஓ-வில் பிரேக்பாயின்ட் வைத்து அந்த இரண்டு மாறிகளின் மதிப்பைப் பாருங்கள். காலியாக இருக்கலாம், அல்லது 0100 என்று நான்கு இலக்கமாக இருக்க வேண்டியது வெறும் 100 என்று இருக்கலாம்.

சிலருக்கு மட்டும் பிழை வருகிறதா? அவர்கள் எல்லாரும் ஒரே அப்ளிகேஷன் சர்வரில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். அப்படியென்றால் அந்தச் சர்வரின் திரை பஃபரை (திரைகளின் தற்காலிக நகல்களை) சந்தேகிக்கலாம். ஆனால் வேலை நேரத்தில் டாலர் சிங்க் கட்டளையைத் தட்டிவிடாதீர்கள். அது அந்தச் சர்வரின் எல்லா பஃபர்களையும் காலி செய்யும், அவை மறுபடி நிரம்பும்வரை எல்லாருக்கும் வேகம் குறையும். திரை பஃபரை மட்டும் காலி செய்யத் தனிக் கட்டளை இருக்கிறது. அதையும் சிஸ்டத்தை நிர்வகிக்கும் பேசிஸ் குழுவிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

பதிவு செய்த திரை வரிசையில் தரவைத் தானாக நிரப்பும் பேட்ச் இன்புட்டில் வரும் 00344 செய்தியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே திரை இருக்கிறது, அதற்கான தரவு உங்கள் ரெக்கார்டிங்கில் இல்லை. அப்கிரேடுக்குப் பின் திரைகளின் வரிசை மாறியிருக்கலாம். அப்படியென்றால் பதிவுக் கருவியான எஸ்ஹெச்டிபி-யில் புதிதாகப் பதிவு செய்து, பழையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.